சாம்பல் கேள்விகள், சல்லடை பதில்கள்

இந்த வாரத் தபால் முழுக்கப் பாலக்காட்டு நல்லேப்பிள்ளியும் சுற்றுவட்டாரமும்தான். கஞ்சிக்கோட்டு ஆலைப் புகை, எல்லை தாண்டும் குப்பை லாரி, பிளாச்சிமடை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதாலோ என்னவோ, கழிவில் கிடக்கும் உலோகத்தைப் பற்றியே எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.

குப்பையை எரித்த சாம்பலிலிருந்து வெளிநாட்டில் தங்கம் எடுக்கிறார்களாமே, நிஜமா?
– கே. ஆர்., நல்லேப்பிள்ளி

நிஜம். ஸ்விட்சர்லாந்தில் சூரிச் பக்கம் ஹின்வில் என்ற ஊரில் எடுக்கிறார்கள். உலைக்கு அடியில் விழும் சாம்பலைத் தண்ணீர் விட்டு அணைக்காமல் உலர்வாகவே வெளியே இழுப்பதுதான் அங்கே சூட்சுமம். நனைந்த சாம்பல் இறுகிவிடும். அதற்குள் மாட்டிய உலோகத் துணுக்கைப் பிரிப்பது பெரும்பாடு. உலர்ந்ததை மணல் அளவு வரை சலித்துக்கொண்டே போனால், செம்பு, வெள்ளியோடு கொஞ்சம் தங்கமும் தேறுகிறது. கொஞ்சம் என்றால், ஒரு டன் சாம்பலுக்கு ஒரு கிராமுக்கும் கீழே. உங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலைச் சலிக்க வேண்டாம். அதில் பாத்திரம் மட்டும்தான் பளபளக்கும்.

தீயில் போட்டால் எல்லாம் எரிந்து போய்விடும் என்றுதானே எரிக்கிறார்கள்? உலோகம் மட்டும் எப்படி மிஞ்சுகிறது?
– பத்தாம் வகுப்பு மாணவி, சித்தூர்

நல்ல கேள்வி. ஆலை வைக்கிறவர்களே சில சமயம் கேட்க மறந்துவிடுகிற கேள்வி.

குப்பை எரிக்கும் உலையில் வெப்பம் 850 முதல் 1000 டிகிரி வரை இருக்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிச் சொட்டி, ஆறியதும் உருண்டை உருண்டையாகிவிடும். செம்பு உருக 1085 வேண்டும், இரும்புக்கு 1538. இரண்டும் கரியைப் பூசிக்கொண்டு முழுசாகக் கீழே விழும். இன்னொரு கூட்டம் இருக்கிறது: பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும், கேட்மியம் 767-ல், துத்தநாகம் 907-ல். காரீயமோ, பிளாஸ்டிக்கும் உப்பும் தரும் குளோரினோடு சேர்ந்துகொண்டு ஆவியாகும். இவை புகையோடு மேலே கிளம்பி, புகைபோக்கிக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிப் பைகளில் தூசியாகப் படியும். ஆகவே ஒரே உலையில் இரண்டு சாம்பல். காசு அடியில் கிடக்கும், வில்லங்கம் பையில் இருக்கும்.

அடிச்சாம்பலில் இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்துக்கு மசியாது. அதற்குப் பெல்ட்டின் முனையில் ஒரு உருளை; உள்ளே காந்தங்கள் படுவேகமாகச் சுழலும். அந்தச் சுழற்சி அலுமினியத் துண்டுக்குள் மின்சுழலை உண்டாக்க, துண்டே ஒரு தற்காலிகக் காந்தமாகி எதிர்த்துத் தள்ளும். கல்லும் கண்ணாடியும் நேரே கீழே விழ, அலுமினியம் மட்டும் ஒரு தாவு தாவித் தள்ளியிருக்கும் தொட்டியில் போய் விழும். லென்ஸ் விதி என்று குறித்து வைத்துக்கொள்ளம்மா. பரீட்சைக்கு வரும்.

அப்படியென்றால் நம்ம ஊர்க் குப்பையை எரித்தும் உலோகம் எடுக்கலாமே, ஏன் எடுப்பதில்லை?
– வி. எம்., கொழிஞ்சாம்பாறை

நம்ம ஊரில் அந்த வேலை தீ வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' காலத்திலிருந்தே நம் வீட்டு உலோகம் குப்பைத் தொட்டிக்குப் போனதில்லை. சோடா மூடி, துருப்பிடித்த கீல், ஓட்டை அலுமினியச் சட்டி எல்லாம் ஆக்ரிக்கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. இப்போது பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டு வாசலிலேயே வந்து தரம் பிரித்து வாங்குகிறார்கள். ஐரோப்பாவில் கோடிக்கணக்கில் எந்திரம் வைத்துச் சாம்பலில் தேடுவதை இங்கே ஒரு சாக்கும் ஒரு சைக்கிளும் வைத்துக்கொண்டு ஆட்கள் செய்கிறார்கள். மிச்சம் கிடக்கும் நம் குப்பை ஈரச் சோறும் வாழையிலையும்தான். அதை எரிக்கவே எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கும். உலோகம் எங்கே தேற?

பழைய பட்டுப்புடவையை எடைக்கு வாங்க ஆள் வருகிறார். கிழிசல் புடவையை வைத்து அவருக்கு என்ன லாபம்?
– அக்கிரகாரத்து மாமி ஒருவர், சித்தூர்

மாமி, சாம்பலிலிருந்து உலோகம் எடுக்கும் தொழில் உங்கள் திண்ணைக்கே வந்திருக்கிறது. ஹின்வில்காரர்களுக்கு முன்னாலேயே.

அவர் முந்தானையைப் புரட்டிப் பார்க்க மாட்டார்; ஒரே ஒரு ஜரிகை இழையை உருவுவார். நகத்தால் சுரண்டி, உள்ளே இருக்கும் நூலைப் பார்ப்பார். அசல் ஜரிகைக்கு உள்நூல் சிவப்புப் பட்டு. அதன்மேல் வெள்ளித் தகட்டிழை சுற்றி, அதற்கும் மேலே தங்கப் பூச்சு. சுரண்டியதும் வெள்ளை தெரிந்தால் வெள்ளி. செம்பு நிறம் தெரிந்தால் அவர் உதட்டைப் பிதுக்குவார். பளபளக்கும் பிளாஸ்டிக்காக இருந்தால் எழுந்தே போய்விடுவார்.

வாங்கின பிறகு கரையைத் தனியே வெட்டி, இரும்புச் சட்டியில் போட்டு எரிப்பார்கள். முடி கருகும் நாற்றம் தெரு முழுக்க வரும், பட்டும் புரதம்தானே. சாம்பலுக்குள் சாம்பல் நிறத்தில் கம்பிச் சுருள் மிஞ்சும். அதை வெண்காரத்தோடு மூசையில் இட்டு உருக்கினால் வெள்ளியும் செம்பும் கலந்த ஒரு பொத்தான். நைட்ரிக் அமிலத்தில் போட்டால் இரண்டும் கரைந்து, அடியில் பழுப்புத் தூளாகத் தங்கம் தங்கும். கரைசலில் ஒரு செம்புத் தகட்டைத் தொங்கவிட்டால் வெள்ளி அதன்மேல் படிந்து உதிரும். அமிலத்தின் பழுப்புப் புகை மார்பை அரித்துவிடும் என்பது தனிக் கதை. பட்டறைக்காரர் வாயில் துண்டு கட்டிக்கொண்டு சமாளிக்கிறார்.

காஞ்சிபுரத்தில் இருக்கும் அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தின் கணக்கில், ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம். அதனால் புடவை எடைக்கு விலை பேசாதீர்கள். ஜரிகை எடைக்குப் பேசுங்கள். வந்தவர் உங்களை 'மாமி' என்று அழைப்பதை விட்டுவிட்டு 'மேடம்' என்பார். அப்போது சரியான விலை வருகிறது என்று அர்த்தம்.

அண்ணா, நான் ஆக்ரிக்கடை வைத்திருக்கிறேன். வயர்ல செம்பு எடுக்கக் கொளுத்தறோம். ஊர்க்காரங்க சண்டைக்கு வர்றாங்க. அஞ்சு நிமிஷப் புகைக்கு இத்தனை கோபமா?
– வண்ணாமடை வாசகர்

தம்பி, ஊர்க்காரர்கள் பக்கம்தான் நியாயம். வயரின் மேலுறை பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. அரைகுறைத் தீயில் குளோரினும் கரியும் சேர்ந்து டையாக்சின் உண்டாகும். அந்த வினையைச் செம்பே கூட நின்று வேகப்படுத்தும். டையாக்சின் கொழுப்பில் போய் உட்காரும் நஞ்சு. மேயும் பசுவின் பாலில் வரும், மண்ணைக் கிளறும் கோழியின் முட்டையில் வரும். அந்தப் பாலில் உங்கள் கடைக்குத் தேநீர் போடுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நியாயம் பேசினால் கேட்க மாட்டீர்கள், வியாபாரம் பேசுகிறேன். எரித்த செம்பு கறுத்துவிடும், மெல்லிய இழை ஆக்சைடாகிப் போகும். உருக்குகிறவர் விலையைக் குறைப்பார். உரித்த செம்பு பளபளவென்று முதல் தரத்தில் போகும். உரிக்கும் கைமெஷின் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

ஆஸ்பத்திரி ஊசிகளை எல்லாம் எரித்துவிடுகிறார்களா?
– நர்ஸ் ஒருவர், பாலக்காடு

உங்களுக்குத் தெரியாததா! மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2016-ன் மருத்துவக் கழிவு விதிகளில் நாலு நிறம். எரிக்கப் போவது மஞ்சள் பை. ஊசி, கத்தி எல்லாம் குத்தினாலும் கிழியாத வெள்ளைப் பெட்டியில். நீராவியில் கிருமி நீக்கி, நொறுக்கி, அனுமதி பெற்ற இரும்பு வார்ப்பாலைக்கு அனுப்பலாம் என்று விதியே சொல்கிறது. நேற்று ஒருவர் தோளில் ஏறிய ஊசி நாளை சாக்கடை மூடியாகலாம். உடலிலிருந்து எடுத்த உலோகத் தகடும் ஸ்குரூவும் நீலப் பெட்டி.

மஞ்சள் பைகள் போகும் இடம் உங்களுக்குப் பக்கம்தான். கேரளத்தின் மருத்துவக் கழிவில் பெரும்பகுதியை இந்திய மருத்துவச் சங்கத்தின் 'இமேஜ்' நிலையம் பாலக்காட்டில்தான் எரிக்கிறது. ஒழுங்காக வந்தால் இங்கே வரும். ஒழுங்கில்லாமல் போனது எங்கே போனது என்று 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் பார்த்தோம். பசுமைத் தீர்ப்பாயம் அதட்டிய பிறகு கேரளமே லாரி அனுப்பித் திருப்பி அள்ளிக்கொண்டு போனது. பெண்வீட்டுச் சீர் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். குப்பை திரும்பிப் போனதை அப்போதுதான் பார்த்தேன்.

காலியம் என்று ஒரு உலோகம் கையில் வைத்தால் உருகுமாமே?
– எஸ். பி., மேனோன்பாறை

29.8 டிகிரியில் உருகும். மேனோன்பாறை மார்ச் மாத வெயிலுக்குக் கைகூட வேண்டாம், மேசையில் வைத்தாலே போதும். பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் காரக் கரைசலில் சொற்பமாகச் சேரும் சரக்கு அது. ஒரு காலத்தில் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலையில் பிரித்து எடுத்தார்கள். இப்போது சிப்புக்கும் எல்இடி விளக்குக்கும் உலகமே அதைத் தேடுகிறது. நாம் கடையைச் சாத்திவிட்டோம்.

என் மாமனார் கேஜிஎஃப் ஆள். அங்கே மூடிய சுரங்கத்தின் மண்மேட்டில் இன்னும் தங்கம் இருக்கிறது என்கிறார். பெருமைக்குச் சொல்கிறாரா?
– ஆர். எஸ்., தத்தமங்கலம்

மாமனார் சொல்வது சரி. மருமகனாக ஒரு தடவையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

கோலார் தங்கவயலில் 1880-லிருந்து 2001 பிப்ரவரி 28 வரை ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்த பிறகு மிஞ்சிய மாவை மலை மலையாகக் கொட்டினார்கள். 'சயனைடு மேடு' என்றால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுச் சோற்றுத் தட்டு வரை வரும்.

13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். அந்தக் கால எந்திரம் விட்டுவைத்த தங்கம் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தங்கம் விலை ஏற ஏற, நேற்று மண்ணாக இருந்தது இன்று தாதுவாகிறது; மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, விலைதான் மாறியது. 2024-ல் கர்நாடக அமைச்சரவை அந்த மேடுகளை மறுபடி தோண்ட ஒப்புக்கொண்டது. எத்தனை கிராம் தேறும் என்று கணக்குப் போட ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தூசியைத் தலைமுறையாகச் சுவாசித்தவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று கணக்குப் போட ஒருவரையும் காணோம். இதை உங்கள் மாமனாரிடம் கேட்டுவிடாதீர்கள். ராத்திரி முழுக்கப் பேசுவார். அவருக்குப் பேச உரிமையும் உண்டு.

கழிவிலிருந்து உலோகம் எடுப்பது இத்தனை நல்ல தொழில் என்றால், பிளாச்சிமடைக் கசடிலிருந்த கேட்மியத்தை ஏன் யாரும் எடுக்க வரவில்லை?
– ஒரு நெல் விவசாயி, நல்லேப்பிள்ளி

இந்த வாரம் வந்ததில் கனமான கேள்வி இது.

பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000-லிருந்து 2004 வரை ஓடியது. தண்ணீர்ச் சண்டையை எல்லாரும் அறிவார்கள், அதை முன்னின்று நடத்திய மயிலம்மாவையும் அறிவார்கள். கசடுச் சங்கதியைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். ஆலையின் கழிவுக் கசடை உரம் என்று சொல்லிச் சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலிக்காரர்கள் மாதிரி எடுத்து எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, அதில் காரீயமும் கேட்மியமும் இருந்தது தெரியவந்தது.

இப்போது வியாபாரக் கணக்கு. ஒரு டன் கசடில் 200 கிராம் கேட்மியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்மியம் கிலோ சில நூறு ரூபாய்தான். ஒரு டன்னைக் கழுவி, அமிலத்தில் கரைத்து, பிரித்து எடுத்தால் கையில் நூறு ரூபாய்கூட நிற்காது. அமிலத்துக்கே அதற்கு மேல் ஆகும். அதே 200 கிராம் தங்கமாக இருந்திருந்தால் பெருமாட்டியில் ராத்திரியோடு ராத்திரியாக வேலி போட்டிருப்பார்கள், ஒரு கைப்பிடிக் கசடும் வயலுக்கு வந்திருக்காது.

வயலுக்கு வந்தது ஏன் கவலை என்றால், நெல்லுக்குக் கேட்மியத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த தண்ணீர் பாய்ந்த வயல் அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. இருமினாலே விலா எலும்பு முறியும். வலியில் கத்துவதையே அந்த நோய்க்குப் பெயராக வைத்தார்கள்: இட்டாய் இட்டாய். சுரங்கக் கேட்மியம்தான் காரணம் என்று 1968-ல் அவர்கள் அரசு ஒப்புக்கொண்டது. பிளாச்சிமடையில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. கேட்மியத்தை உரம் என்று வாங்கக்கூடாது என்கிறேன்.

2010-ல் கேரள அரசின் உயர்மட்டக் குழு பிளாச்சிமடையின் மொத்த நஷ்டம் 216.26 கோடி ரூபாய் என்றது. 2011-ல் சட்டமன்றம் நஷ்டஈட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. டெல்லிக்குப் போன மசோதா சட்டமாகத் திரும்பி வரவில்லை.

காசு தராத உலோகத்தை யாராவது எடுக்க வேண்டும் என்றால் சட்டம் பிடரியில் கை வைக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் 2016-ல் நடைமுறைக்கு வந்த கழிவு விதிகள், வடிகட்டித் தூசியிலிருந்தும் உலோகத்தைப் பிரிக்கச் சொல்கின்றன. அமிலத்தில் கழுவித் துத்தநாகம், கேட்மியம், காரீயத்தை எடுக்கிறார்கள். லாபத்துக்காக மட்டும் என்றால் அந்தத் தூசியை அவர்களும் எங்காவது புதைத்திருப்பார்கள்.

கொடைக்கானல் பாதரசக் கழிவை அமெரிக்காவுக்கு அனுப்பினார்களே, அது எதற்கு?
– என். கே., வேலந்தாவளம்

வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். தெர்மாமீட்டர் ஆலையே 1980-களில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்குப் பெயர்ந்து வந்ததுதான். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் பிடித்தார்கள். கடைக்காரருக்கு அது வெறும் கண்ணாடி, கையுறைகூடக் கிடையாது. ஆலை மூடியது. 2003 மேயில் 290 டன் கழிவு தூத்துக்குடியில் கப்பலேறி பென்சில்வேனியாவுக்குப் போனது. அங்கே மூடிய கலத்தில் சுட்டால் பாதரசம் ஆவியாகும். குளிரவைத்தால் மறுபடி வெள்ளித் துளி. அமெரிக்காவிலேயே அதற்கான உலை இருந்தது.

கப்பலில் ஏறாத பாதரசம் மண்ணிலும் சோலையிலும் தங்கிவிட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு ஆலையை நடத்திய நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது 2016-ல்தான்.

என் தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே குப்பையே கண்ணில் படுவதில்லையாம். எங்கே போகிறது?
– எம். எல்., சித்தூர்

எரிகிறது. எரித்தால் குப்பையின் பருமன் பத்தில் ஒரு பங்காகும். துவாஸில் 2015 முதல் ஒரு ஆலை அடிச்சாம்பலிலிருந்து இரும்பு, அலுமினியம், செம்பை எல்லாம் பிரித்து விற்கிறது. மிச்சச் சாம்பல் படகில் ஏறி செமக்காவ் தீவுக்குப் போகும். 1999-ல் திறந்த அந்தக் குப்பைத் தீவு 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். தீவு நாட்டுக்கு ஒவ்வொரு கிலோ இரும்பும் ஒரு சாண் இடம். நமக்கு வாளையார் எல்லை தாண்டினால் இடம், அதுதான் சங்கடம்.

சாம்பலில் ஹாலோ பிளாக் போட்டு விற்கலாமா?
– கட்டட மேஸ்திரி, கோபாலபுரம்

நிலக்கரிச் சாம்பல் என்றால் போடலாம். எத்தனையோ பேர் போடுகிறார்கள். குப்பை எரித்த சாம்பல் என்றால் உஷார். அலுமினியத் துணுக்கு மிச்சமிருந்தால் சிமென்டின் காரத்தில் ஹைட்ரஜன் கொப்புளிக்கும். கல் உப்பும், வெடிக்கும். அலுமினியத்தை எடுத்துவிட்டாலும் காரீயம் கசியாது என்று சோதனைச் சீட்டு வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் கொப்புளம் வந்தால், நீங்கள் அடுத்த தடவை தமிழ்நாட்டுப் பக்கம்தான் வேலை தேட வேண்டும்.

மின்மயானத்தில் தாத்தாவின் தங்கப்பல் என்ன ஆகும்?
– பேரன், நல்லேப்பிள்ளி

தாத்தா சௌக்கியம்தானே? முதலில் அதைச் சொல்லுங்கள்.

தங்கம் உருகிச் சாம்பலோடு கலக்கும். டைட்டானியம் இடுப்பு மூட்டு முழுசாகக் கிடைக்கும். நெதர்லாந்தில் 1997 முதல் ஒரு நிறுவனம் மயானங்களிலிருந்து அந்த மூட்டுகளைச் சேகரித்து உருக்கி விற்கிறது. ஜப்பானில் நகோயா போன்ற நகராட்சிகள் மயானச் சாம்பலிலுள்ள தங்கம், பல்லேடியத்தை விற்று வரவு வைக்கின்றன. நம் பக்கம் சஞ்சயனத்துக்கு எலும்பு பொறுக்கும்போதே பாட்டி கண்ணில் பட்டுவிடும், நகராட்சிக்கு வாய்ப்பில்லை.

பழைய கைப்பேசியில் நிஜமாகவே தங்கம் உண்டா?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

உண்டு. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்கள் அத்தனையும் அப்படி வந்தவை: 62 லட்சம் கைப்பேசிகளும் 79,000 டன் சின்ன மின்கருவிகளும் சேர்த்து 32 கிலோ தங்கம். ஒன்றிரண்டு போனை வைத்துக்கொண்டு ஆசிட் வாங்கப் போகாதீர்கள். அந்தப் போனில் இருக்கும் தங்கத்தை விட ஆசிட் பாட்டில் விலை அதிகம், ஆஸ்பத்திரிச் செலவு அதைவிட அதிகம்.

எங்கள் பக்கம் குப்பை எரிக்கும் ஆலை வந்தால் ஆதரிப்பதா, எதிர்ப்பதா?
– டி. ஜே., நல்லேப்பிள்ளி

அதிகாரி மேடையில் புகையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார், கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, வடிகட்டிப் பைத் தூசி எங்கே போகும் என்று கேளுங்கள். அதில் நச்சு உலோகம் வரம்பைத் தாண்டினால் அது அபாயகரக் கழிவு. 2016 விதிப்படி அது ஏறும் லாரியோடு படிவம் 10 போக வேண்டும். ஏழு நிறத்தில் ஏழு பிரதி. சேர்ந்த இடத்தின் கையெழுத்தோடு ஒரு பிரதி அனுப்பியவருக்குத் திரும்பி வந்தாக வேண்டும். எந்தக் கிடங்கு என்று பெயர் சொல்ல முடியாமல் அவர் தண்ணீர் குடித்தால் எதிர்த்து வையுங்கள். பெயர் சொன்னாலும் விட வேண்டாம்: ஆலை ஓட ஆரம்பித்த பிறகு, திரும்பி வந்த பிரதிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். வந்ததும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்புங்கள்.